டியர் பெரியசாமி

1

நாங்கள் கனடாவுக்கு வந்து எட்டு வருஷம் நிறைந்த அன்று காலையில் எனக்கு ஒரு பேராசிரியரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பனிக்கு மாட்டும் பெரிய பூட்ஸை ஒரு காலில் மட்டும் போட்டிருந்தேன். நின்றபடியே படித்தேன்.

"டியர் பெரியசாமி, உங்கள் ஆர்வத்துக்கு நன்றி. இந்த ஆண்டு நான் புதிய மாணவர்களை எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் முயற்சிகளுக்கு வாழ்த்துகள்."

பெரியசாமி என் அப்பா. நாங்கள் இங்கே வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். பாஸ்போர்ட் எடுத்தபோது இனிஷியலை விரித்து எழுதச் சொன்னார்கள். எழுதியதில் அப்பா பெயர் முன்னாலும் கலைச்செல்வி என்ற என் பெயர் பின்னாலும் போய்விட்டன. அதனால் இந்த நாட்டில் வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் பனி அள்ளாததற்கு அபராதம் அனுப்பும் நகராட்சியிலும் நான் பெரியசாமிதான். மாற்ற வேண்டுமென்றால் அதற்கு ஒரு விண்ணப்பம், அந்த விண்ணப்பத்துக்கு மதுரையிலிருந்து ஒரு சான்று, அந்தச் சான்றுக்கு இங்கே ஒரு சான்று. விட்டுவிட்டேன்.

ஆனால் அன்றைக்கு அந்தப் பெயரைப் பார்த்ததும் என்னவோ செய்தது. அப்பாவின் அப்பா திருமங்கலம் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். அப்பா லைசென்ஸ் எடுத்து அரசு பஸ்ஸில் டிரைவர் ஆனார். எனக்குத் தெரிந்து அவருக்கு யாரும் 'டியர்' போட்டுக் கடிதம் எழுதியதில்லை. முதல்முறையாக எழுதியவர் வேண்டாம் என்று சொல்வதற்காக எழுதியிருக்கிறார்.

மற்ற பூட்ஸையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்குவது கஷ்டம். திருமங்கலத்தில் இருக்கும் என் அக்கா ராணிக்கு நான் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவள் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பாள்.

நான் மதுரையில் உளவியலில் எம்.எஸ்.ஸி. முடித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இங்கே யாருக்கும் ஆலோசகராக இருக்க முடியாது. இங்கே மறுபடி படித்து, இங்கத்திய பட்டம் வாங்கி, அதன்பின் உரிமம் வாங்க வேண்டும். சரி, படிப்போம் என்று முடிவு செய்தால் அதற்கும் நேராக விண்ணப்பித்துவிட முடியாது. துறையில் இருக்கும் பேராசிரியர்களில் ஒருவர் "இவளை நான் மாணவியாக எடுத்துக்கொள்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் ஒருவரை நாமே தேடிப் பிடிக்க வேண்டும். அவர் எழுதிய கட்டுரைகளைப் படித்து, நம் ஆசையும் அவர் ஆராய்ச்சியும் எங்கே சேர்கின்றன என்று யோசித்து, விண்ணப்பத்துக்கு மாதங்கள் முன்பே அவருக்கு எழுத வேண்டும். பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். மீதிப் பேர் பெரியசாமிக்கு வாழ்த்துச் சொல்வார்கள்.

"மார்க்கு இருந்தா சீட்டு குடுக்க வேண்டியதுதான? எதுக்கு ஆளாளுக்கு லெட்டர் போட்டுக்கிட்டுக் கெடக்க?" என்றாள் அக்கா.

"மார்க்கு மட்டும் பத்தாதுக்கா. அவங்களுக்கு நம்மளப் பிடிக்கணும். அவங்க பாக்குற ஆராய்ச்சியும் நம்ம ஆராய்ச்சியும் ஒத்துப் போகணும்."

"அப்ப சாதகம் பாக்குறாகன்னு சொல்லு."

"அப்படித்தேன் வச்சுக்கயேன்."

"நாப்பது வயசுக்கு மேல ஒனக்கு யாருடி சாதகம் பாக்கப் போறா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. போனை வைத்த பிறகுதான் வலித்தது.

3

நான் வேலை பார்ப்பது ஒரு முதியோர் இல்லத்தில். எழுப்புவது, குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாட்டு மேசைக்கு நடத்திப் போவது. கெட்ட வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் முதுகு சொல்லும். அங்கே இருக்கிறவர்கள் தனி ஆட்கள். ஒரு கதவுக்கு ஒருவர். டாக்டரைப் பார்க்கப் போனாலும் துணைக்கு வருவது நான்தான், சம்பளத்துக்கு. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகும்போதும் என்னிடம் "உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன்" என்று மன்னிப்புக் கேட்பார்.

மதுரையில் வண்டியூர்ப் பக்கம் குடிநோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஒரு மையத்தில் நான் ஆலோசகராக இருந்தேன். அங்கே ஒருவரைக் கூட்டிக்கொண்டு நாலு பேர் வருவார்கள். மனைவி, மச்சினன், கைக்குழந்தை, ஆட்டோ ஓட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரர். மத்தியானம் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு மறுபடி வந்து காத்திருப்பார்கள். வராந்தாவில் நடக்க இடம் இருக்காது. "ஒரு ஆளு போதும், மத்தவங்க வெளிய இருங்க" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போகும்.

அந்தக் கூட்டத்தில்தான் இந்திராணியைப் பார்த்தேன். செல்லூர்க்காரர். கணவர் பவர்லூம் பட்டறையில் வேலை. வாரம் ஒருநாள் அவரைக் கூட்டிக்கொண்டு வருவார். கணவர் உள்ளே வந்து என் எதிரில் உட்காருவார். இந்திராணி வெளியே பெஞ்சில். முதல் நாள் நான் ஏதோ எடுக்க வெளியே வந்தபோது அவர் சுவரில் தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, மடியிலிருந்த பை தரையில் நழுவிக் கிடக்க, அசையாமல் இருந்தார். மயக்கம் போட்டுவிட்டாரோ என்று பயந்து தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டு எழுந்தார்.

"எங்க அவரு?"

"உள்ளதான் இருக்காருக்கா. நீங்க தூங்குங்க."

"தூங்கலம்மா. சும்மா கண்ண மூடுனேன்."

அடுத்த வாரமும் கண்ணை மூடினார். அதற்கடுத்த வாரமும். மெல்ல மெல்லத்தான் சொன்னார். கணவர் குடித்துவிட்டு வருகிற இரவில் என்ன செய்வாரோ என்று விழித்திருப்பார். குடிக்காமல் படுத்திருக்கிற இரவில், எழுந்து போய்விடுவாரோ என்று கதவைப் பார்த்துக்கொண்டு விழித்திருப்பார். வாரத்தில் ஒருநாள், அவர் என் அறைக்குள் இருக்கும் அந்த முக்கால் மணி நேரம், வேறு ஒருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்ற தைரியத்தில் உடம்பு தன்னால் சாய்ந்துவிடுகிறது.

பிறகு நான் மற்றவர்களையும் கவனித்தேன். அந்தப் பெஞ்சில் நிறையப் பேர் தூங்கினார்கள். எங்கள் விவரத் தாளில் நோயாளி எப்படித் தூங்குகிறார் என்று எழுத ஓர் இடம் உண்டு. பெஞ்சில் இருப்பவரைப் பற்றி எழுத இடமே கிடையாது. எனக்கு இருந்த ஒரே ஆராய்ச்சிக் கேள்வி அதுதான். விழித்திருக்கிறவளுக்கு யார் வைத்தியம் பார்ப்பது?

கணவர் குடியை விட்டாரா என்று கேட்பீர்கள். கொஞ்ச காலம் விட்டார். பிறகு அவரும் வரவில்லை, இந்திராணியும் வரவில்லை.

4

என் மகள் பெயர் தேன்மொழி. வீட்டில் தேனு. பள்ளியில் 'தென்'. இங்கே வந்தபோது ஏழு வயது. வந்த புதிதில் தமிழில் கனவு கண்டு தமிழில் உளறுவாள். இப்போது அவளுடைய தமிழ் எனக்குச் சாப்பாடு கேட்பதற்கும் அப்பாவைக் கிண்டல் செய்வதற்கும் மட்டும். மற்றதெல்லாம் ஆங்கிலம். காதில் எப்போதும் எதையோ மாட்டியிருப்பாள். நான் ஒரு வாசலில் நின்று பேசினால் அடுத்த வாசலிலிருந்து பதில் வருவது போல இருக்கும்.

போன வருஷம் ஒருநாள் நான் பேராசிரியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தை அவளிடம் காட்டினேன். இலக்கணம் பார்க்கச் சொல்லித்தான் கொடுத்தேன். அவள் படித்துக்கொண்டே போனாள், முகம் மாறிக்கொண்டே போனது.

"அம்மா, என்ன தப்பு பண்ண நீ?"

"ஒண்ணும் பண்ணலயே."

"அப்பறம் ஏன் இவ்ளோ சாரி கேக்கற? மரியாதைக்குரிய மேடம், பணிவோட கெஞ்சிக் கேட்டுக்கறேன், உங்க பொன்னான டைம்... இத யாரும் படிக்க மாட்டாங்க."

"பெரியவங்களுக்கு அப்படித்தான் எழுதணும்."

"அவங்க பெரியவங்க இல்ல. உன் வயசுதான் இருக்கும்."

பிறகு ஓர் இடத்தில் நிறுத்தினாள். அடக்க முடியாமல் சிரித்தாள். நான் 'உங்கள் ஆய்வில் எனக்கு ஒரு டவுட் உள்ளது' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தேன். நமக்கு டவுட் என்றால் ஒரு கேள்வி. பள்ளிக்கூடத்தில் கையைத் தூக்கி "சார், டவுட்டு" என்போமே, அது. இங்கே அதற்கு, உங்கள் ஆய்வை நான் நம்பவில்லை என்று பொருளாம்.

"இத அனுப்பிட்டியா?"

"இவங்களுக்கு இன்னும் அனுப்பல."

"வேற யாருக்காச்சும்?"

பதில் போடாத பேராசிரியர்களின் பெயர்கள் வரிசையாக மனதில் வந்தன. கனடா முழுக்கப் பல ஊர்களுக்குப் பெரியசாமி என்று ஒருத்தன் எழுதி, நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை, ஆனாலும் உங்கள் காலில் விழுகிறேன், எனக்கு இடம் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறான்.

தேனு சிரிப்பை நிறுத்திவிட்டாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீ என்ன கேக்கணுமோ அதச் சொல்லு. நான் டைப் பண்றேன்" என்றாள். நான் சொல்லச் சொல்ல, என் ஒரு பக்கக் கடிதம் நாலு வரியாகச் சுருங்கியது. அனுப்பும்போது எனக்குக் கை கூசியது. யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டு அதட்டுவது போல இருந்தது.

5

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். அதில் ஒன்று கட்டாயம் நமக்குப் பாடம் எடுத்தவரிடமிருந்து. எனக்குப் பாடம் எடுத்தவர்களில் இன்னும் என் போனை எடுப்பவர் சந்தானம் சார் மட்டும்தான். ஓய்வுபெற்று மதுரையிலேயே இருக்கிறார். இங்கே காலை, அங்கே சாயங்காலம் என்று கணக்குப் பார்த்துக் கூப்பிட்டேன்.

"அதுக்கென்னம்மா, நீயே ஒண்ணு நல்லா எழுதி அனுப்பு. நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

நம் ஊரில் எல்லோரும் அப்படித்தான் வாங்குகிறோம். நானும் அப்படித்தான் வாங்கியிருக்கிறேன். "இல்ல சார், இங்க நான் பாக்கவே கூடாது. நீங்களே எழுதி நேரா அனுப்பணும்" என்றேன்.

"பாக்கவே கூடாதா? அப்ப நான் உன்னயத் திட்டி எழுதினா?"

"அதுக்குத்தான் சார் பாக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க."

அடுத்த சிக்கல், அவருடைய மின்னஞ்சல். பல்கலைக்கழகத்தின் இணையதளம், பரிந்துரைப்பவருக்குக் கல்லூரி முகவரி இருந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். ஓய்வுபெற்றவர் கல்லூரி முகவரிக்கு எங்கே போக? அலுவலகத்துக்கு எழுதினேன். விதிமுறைப் பக்கத்தைப் பார்க்கவும் என்று பதில் வந்தது. விதிமுறைப் பக்கம் அலுவலகத்துக்கு எழுதவும் என்றது. கடைசியில் போனில் ஒரு பெண் கிடைத்தாள். முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். சார் பணியாற்றியதற்குச் சான்று அனுப்பினால் இணையதளத்தில் அவருக்கு மட்டும் தானே திறந்துவிடுகிறேன் என்றாள். சாரின் மருமகள் அவருடைய பழைய அடையாள அட்டையைப் படம் பிடித்து அனுப்பினார். ஒரு மாதம் அதிலேயே போயிற்று.

ஒருநாள் காலை நான் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தபோது சார் கூப்பிட்டார்.

"என்னம்மா, இதுல ஒரு கட்டம் போட்டிருக்கான். இந்த மாணவி முதல் ஒரு சதவீதமா, முதல் அஞ்சா, பத்தா, இருபத்தஞ்சான்னு. எதுலம்மா டிக் போட?"

"நீங்க நினைக்கிறதப் போடுங்க சார்."

"நான் பாடம் எடுத்த புள்ளைக அம்புட்டுப் பேரையும் இப்ப வரிசையா நிக்க வச்சா பாக்க முடியும்? எல்லாரும் நல்ல புள்ளைகதான்." மவுஸைத் தட்டும் சத்தம் கேட்டது. "இருபத்தஞ்சுல போட்டிருக்கேன்மா. நூத்துக்கு இருபத்தஞ்சுக்குள்ள. நல்ல இடந்தான?"

இங்கே அந்தக் கட்டத்தில் முதல் அஞ்சுக்குள் வராவிட்டாலே ஆளைத் தள்ளி வைத்துவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் ஏற்கனவே அழுத்தி அனுப்பிவிட்டார் என்பது அவர் குரலிலிருந்தே தெரிந்தது. கண்ணாடியை மூக்கில் இறக்கிவைத்து, மருமகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நேர்மையாக யோசித்துச் செய்திருக்கிறார்.

"நல்ல இடம் சார்" என்றேன்.

6

தேனு தட்டச்சு செய்த நாலு வரிக் கடிதங்களுக்குப் பதில்கள் வரத் தொடங்கின. பெரும்பாலும் மறுப்பு. ஆனாலும் மனிதர்கள் எழுதிய மறுப்பு. ஒருவர் மட்டும் பேசலாம் என்று எழுதியிருந்தார். எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம் தள்ளி ஒரு சிறிய நகரத்துப் பேராசிரியர். ஹெலன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறதி நோய் வந்த பெரியவர்களை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாரின் தூக்கத்தைப் பற்றி ஆராய்பவர்.

வீடியோவில் சந்தித்தோம். விடுப்பு எடுத்திருந்தேன். புடவை கட்டலாமா, வேண்டாமா என்று யோசித்துக் கடைசியில் முதியோர் இல்லத்துக்குப் போட்டுப் போகும் கம்பளிச் சட்டையையே போட்டுக்கொண்டேன். சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்திருந்தேன்.

அவர் முதலில் கேட்டது, "உங்களைப் பெரியசாமி என்று கூப்பிடலாமா?" என்பது.

"அது என் அப்பா பெயர். நான் கலா."

அவருக்குச் சங்கடமாகிவிட்டது. குறித்துக்கொண்டார். தன்னை ஹெலன் என்று கூப்பிடச் சொன்னார். எனக்கு அது வாயில் வரவில்லை. பேசி முடிக்கும்வரை அவரை எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தேன்.

நான் மனப்பாடத்தை ஆரம்பித்தேன். பராமரிப்போரின் உளச்சுமை, உறக்கத் தொந்தரவு, கலாசாரச் சூழல். எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதெல்லாம் உங்கள் கடிதத்தில் படித்தேன். ஒரு ஆளைப் பற்றிச் சொல்லுங்கள். ஒரே ஒரு ஆள்."

இந்திராணியைச் சொன்னேன். வராந்தா, பெஞ்சு, நழுவிய பை, கண்ணை மட்டும் மூடினேன் என்று சொன்னது. ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. பவர்லூம் என்றது அவருக்குப் புரியாமல், கையால் ஆட்டிக் காட்டினேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள் அவருக்கு என்ன செய்தீர்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. அவர் என் நோயாளி இல்லை." பிறகு உண்மையைச் சொல்லலாம் என்று தோன்றியது. "கணவரோடு கொஞ்சம் நீட்டிப் பேசுவேன். வெளியே ஒரு ஃபேன் இருந்தது. அதை அவர் பக்கம் திருப்பி வைப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. அதைக் குறித்துக்கொண்டார். ஃபேனைக் குறித்துக்கொண்டார் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

கடைசியில் ஒளிக்காமல் சொன்னார். குடிநோய் அவருக்குத் தெரியாத துறை. முதல் இரண்டு வருஷமாவது அவருடைய ஆராய்ச்சியில்தான் நான் வேலை செய்ய வேண்டும். என் கேள்வி காத்திருக்க வேண்டும். "அது உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார்.

எட்டு வருஷமாகக் காத்திருக்கிற கேள்வி. சம்மதம் என்றேன்.

7

வசந்தம் வந்து பனி கரைந்து தெருவெல்லாம் சேறாக இருந்த நாட்களில் முடிவுகள் வந்தன. மற்ற இடங்களிலெல்லாம் இல்லை. ஹெலனின் இடத்தில் உண்டு, ஒரு நிபந்தனையோடு. என் மதுரைப் பட்டத்தை அவர்கள் எடைபோட்டுப் பார்த்ததில் புள்ளியியல் குறைகிறதாம். முதல் வருஷம் இளங்கலை மாணவர்களோடு உட்கார்ந்து அந்தப் பாடங்களைப் படிக்க வேண்டும். ஊரில் அதே பாடத்துக்கு நான் டியூஷன் எடுத்திருக்கிறேன். சொல்லிப் பயனில்லை.

சந்தானம் சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன். "பாத்தியா, நம்ம லெட்டர் வேலை செஞ்சிருச்சு" என்றார். ஆமாம் சார் என்றேன். வேறு என்ன சொல்வது? செய்திருக்கவும் கூடும்.

என் வீட்டுக்காரர் முருகேசன் லாரி பழுதுபார்க்கும் பட்டறையில் மெக்கானிக். அவருடைய வேலை இங்கே. வீடும் இங்கே. அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "போ கலா" என்றார்.

"ரெண்டு ஊர்ல ரெண்டு அடுப்பு எப்படிங்க?"

"லீவு நாள்ல வா. நான் சோறாக்குறேன். நான் ஆக்குனத தேனு திங்க மாட்டா, அது வேற விசயம்."

தேனுவைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். யாருக்கும் சொல்லாமல் அந்த ஊரில் பள்ளிக்கூடம்கூடப் பார்த்து வைத்திருந்தேன். சாப்பிடும்போது மெதுவாக ஆரம்பித்தேன்.

"அங்க ஒரு நல்ல ஸ்கூல் இருக்கு தேனு. வாலிபால் டீம்கூட இருக்கு."

அவள் காதில் மாட்டியிருந்ததை எடுத்தாள். "நான் வரல."

"ஒருதடவ வந்து பாரேன்."

"அம்மா." பிறகு ஆங்கிலத்துக்கு மாறினாள். கோபமே இல்லாமல், ஒரு தகவல் சொல்வது போலச் சொன்னாள். "ஏழு வயதில் நான் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தேன். யாரும் என்னிடம் கேட்கவில்லை. இந்த முறை கேட்கிறாய். நான் இல்லை என்கிறேன். நீ போ. போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை."

தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம். சோறு காய்ந்துவிட்டது.

இங்கே இருக்கும் நம் ஆட்கள் கூடினால் பேசுவது இதைத்தான். பிள்ளைகள் நம்மை விட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், மொழி போயிற்று, சாப்பாடு போயிற்று, இனி ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர்களும் போய்விடுவார்கள் என்று. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். பெட்டியைக் கட்டப் போவது நானாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அக்காவிடம் சொல்லத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். எதிர்பார்த்ததுதான் வந்தது.

"வயசுப் புள்ளய விட்டுட்டுப் படிக்கப் போறியாக்கும்? ஊர்ல கேட்டா நான் என்னத்தடி சொல்றது?"

"அப்பா வாரத்துல பாதி நாளு நைட் ஹால்ட்டுன்னு வெளியூர்லதான இருந்தாரு? நம்மள விட்டுட்டுப் போயிட்டாருன்னு யாராச்சும் சொன்னாகளா?"

"அது பொழப்பு."

"இதுவும் பொழப்புத்தேன்க்கா."

பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. அக்காதான் மிதித்துக்கொண்டிருந்தாள். சட்டென்று மிஷின் நின்றது. "அங்க இதவிடக் குளிருமா?" என்று கேட்டாள்.

"இம்புட்டுத்தான் இருக்கும்."

"நல்ல கம்பளியா வாங்கிக்க. சும்மா விலை பாத்துக்கிட்டு நிக்காத."

8

ஆகஸ்ட் கடைசியில் கிளம்பினேன். பஸ் நிலையம் என்று சொல்கிறார்கள். ஒரு பெட்ரோல் பங்கின் பின்பக்கத்தில் ஒரு பெஞ்சும் ஒரு பலகையும்தான். காலை வெயில் நன்றாக இருந்தது. இரண்டு பெட்டி, ஒரு குக்கர், வீட்டுக்காரர் கட்டிக் கொடுத்த புளிசாதம். அவர் பெட்டிகளைத் தூக்கிப் பஸ்ஸின் வயிற்றில் அடுக்கப் போனார். டிரைவர் ஏதோ வேகமாகச் சொன்னார், எனக்குப் பிடிபடவில்லை. தேனு முன்னால் போய்ப் பேசி, குக்கரை மேலே கையில் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கினாள்.

நான் சோர்ந்திருந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஜெயித்தவள் மாதிரி எதுவும் இல்லை. முதல்நாள் வரை இல்லத்தில் ஷிப்ட் பார்த்திருந்தேன். கணக்கு ஆசிரியர் இந்தமுறையும் மன்னிப்புக் கேட்டுத்தான் விடைகொடுத்தார். இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பரீட்சை எழுத வேண்டும். இரண்டு வருஷம் இன்னொருவர் கேள்விக்குப் பதில் தேட வேண்டும். அதற்குப் பிறகும் எத்தனை கடிதம் எழுத வேண்டியிருக்கும் என்று தெரியாது.

டிரைவர் உள்ளே ஏறி உட்கார்ந்தார். எனக்கு வாயில் வந்தது ஊரில் வருவதுதான்.

"வாரேன் தேனு."

அவள் என்னைப் பார்த்தாள். "போறேன்னுதான சொல்லணும்? போறது நீதான?"

"எங்க ஊர்ல கெளம்பும்போது போறேன்னு சொல்ல மாட்டோம். வாரேன்னுதான் சொல்லுவோம்."

"அதுல லாஜிக்கே இல்லயேம்மா."

"இல்லதான்."

அவள் யோசித்தாள். மதுரையில் எங்களை வழியனுப்ப வேன் பிடித்து வந்த கூட்டமெல்லாம் எங்களிடம் என்ன சொன்னது என்று அவளுக்கு நினைவிருக்க வழியில்லை. அன்று அவள் விமானத்தைப் பார்க்கும் அவசரத்தில் இருந்தாள்.

"அப்ப, இங்கயே நிக்கறவங்க என்ன சொல்லணும்?"

இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. தேவைப்பட்டதில்லை. அவளை விட்டு நான் எங்கேயும் போனதில்லை.

"வான்னு சொல்லணும்."

"அம்புட்டுத்தானா?" அது அவள் அப்பா பேசும் சொல். எப்போது எடுத்து வைத்துக்கொண்டாள் என்று தெரியவில்லை.

"அம்புட்டுத்தான்."

குக்கரை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்தேன். வீட்டுக்காரர் எங்கேயோ தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தார். தேனு ஒரு அடி முன்னால் வந்தாள். வாசலில் நின்று யாரையோ வீட்டுக்குள் அழைப்பது போல, கொஞ்சம் அதட்டலாக, அந்தச் சொல்லைச் சொன்னாள்.

"வா."

நான் பஸ்ஸில் ஏறினேன்.